மூன்றாம் தொட்டியின் விளிம்பு

என் அண்ணிக்கு வேலை, தரைக்கு அடியிலிருந்து கிளம்பி வரும் சாயத்தைத் தேய்த்து எடுப்பது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம் என்று சாம்பல் நிறக் கல் பதித்து, பெஞ்சு போட்டு, வரிசையாக விளக்கு நட்டிருக்கிறார்களே, அந்த நடைபாதையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நீலம் கசியும். சில இடத்தில் சிவப்பு. சாய ஆலை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மேலே ஆள் உயரத்துக்குப் புது மண் கொட்டியாகிவிட்டது. ஆனாலும் அடியில் கிடப்பது சும்மா கிடப்பதில்லை. காலையில் நடக்க வருகிறவர்களின் வெள்ளைக் காலணியில் அது ஒட்டிவிடக் கூடாது என்று, விடிந்ததும் அண்ணி வாளியும் பிரஷ்ஷுமாக அங்கே மண்டிபோட்டு உட்கார்ந்துவிடுவாள்.

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்குன்னு ஒரு வேலை வந்து மாட்டுது பாருங்க, அண்ணி. அந்த ஆலையால நம்ம பட்டது பத்தாதா? அது செத்ததுக்கு அப்புறமும் அதுக்குக் கழுவி விடணுமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"யாராவது தேய்க்கணுமில்ல," என்பாள்.

எதைக் கேட்டாலும் அரை வரியில்தான் பதில். அதற்குள் நான் ஒரு பக்கம் பேசி முடித்திருப்பேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர், பேச்செல்லாம் நாத்தனாருடையது, வேலையெல்லாம் அண்ணியுடையது என்று அக்கம்பக்கத்தில் கேலி உண்டு. அது அபாண்டம். நான் தையல்காரி. முன்னறையில் இருக்கிற மிஷினும் என்னுடையது, அதை மிதிக்கிற காலும் என்னுடையது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தையல் பழகிக்கொண்டிருந்தேன். அவள் அப்போது ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்தாள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு வரும். அதைச் சுடுநீரில் போட்டுப் பிழிந்து காயப்போட்டுப் பெட்டி போடுவது. கை இரண்டும் வெந்துபோய் வெள்ளையாக இருக்கும். வந்த முதல் நாளே என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டாள். இன்றைக்கு என் தலை முழுக்க நரை, இன்னும் நான் பாப்பாதான்.

அண்ணன் சாய ஆலையில் வேலை பார்த்தான். அங்கே என்ன வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லமாட்டான். நகக்கண்ணிலும் குதிகாலிலும் நிறம் ஏறியிருக்கும். சாயம் கலக்குகிறான் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவனும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான். அடுத்தவரைக் கேலி பண்ணி ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. யாராவது அவனை ஓட்டினால் மூக்குக்கு மேல் கோபம் வரும். குறிப்பாக அவன் காலைப் பற்றிப் பேசக் கூடாது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், கால் மட்டும் பெண்பிள்ளைக் கால். அது தெரியக் கூடாது என்றே டயர் அடி வைத்த முரட்டுச் செருப்பாகப் பார்த்து வாங்கிப் போடுவான். அவன் வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

ஒரு நாள் காலையில் வாசலில் அந்த முரட்டுச் செருப்பின் வார் அறுந்துவிட்டது. நேரமாகிவிட்ட அவசரம். அண்ணிக்கு அன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அவளுடைய செருப்பு பக்கத்தில் கிடந்தது, பச்சை வார் போட்டது, மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் பூ. அண்ணன் இப்படியும் அப்படியும் பார்த்தான், அதைக் காலில் மாட்டினான். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "வெளிய சொன்னே, உன் மிஷினைத் தூக்கி ஆத்துல போட்டுடுவேன்," என்று என்னை மிரட்டிவிட்டு ஓடினான். அன்று சாயங்காலம் அவன் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

ஆலையிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் அண்ணன் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சேறு வாருகிறவன் என்றே எங்களுக்குத் தெரிந்தது. "எல்லாரும் தொட்டியை விட்டு மேல வந்தாச்சு, அதெல்லாம் பாத்துட்டுத்தான் மதகைத் திறந்தோம். வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்கள். ஒரு சண்டையும் இல்லை, எப்போதும் போலத்தான் கிளம்பினார் என்றாள் அண்ணி. செருப்பைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. பொண்டாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவன் என்று தெரிந்தால், திரும்பி வந்ததும் அவனை ஆலையில் ஓட்டியே கொன்றுவிடுவார்கள் என்று பயம்.

ஆனால் அவன் அந்தச் செருப்போடு ஓடியதை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அந்த வாரமே ஆலையில் துணி மடிக்கிற ஒருத்தி வேலையை விட்டு எங்கோ போய்விட்டாள் என்று பேச்சு வந்தது. தெருவுக்குக் கேட்கவா வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான், போகும்போது பொண்டாட்டி செருப்பையும் அவளுக்கென்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "புருஷனும் போனான், செருப்பும் போச்சு" என்று குழாயடியில் அண்ணியின் காதுபடவே சிரித்தார்கள். நான் போய்க் கிழி கிழி என்று கிழித்தேன். அண்ணி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஒன்று மட்டும் சொன்னாள். "உங்கண்ணன் என்னை விட்டுட்டுப் போகமாட்டார், பாப்பா."

நான் என்ன நினைத்தேன் என்றால், போயிருப்பான். உள்ளுக்குள் அப்படித்தான் நம்பினேன், நம்ப ஆசைப்பட்டேன். எவளோடு போனால் என்ன, எங்கேயோ சாப்பிடுகிறான், தூங்குகிறான், யாரையாவது ஓட்டிக்கொண்டிருக்கிறான். வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று அவனைத் திட்டுவதற்கென்றே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். மிஷின் மிதிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு முறை யாரோ அவனை வேறோர் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பார்த்ததாகச் சொல்ல, வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்து ஆண்களின் காலாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

அண்ணியின் பாடு வேறு. பொழுது சாயும் நேரம், ஆலைச் சங்கு ஊதுகிற நேரம், அவள் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போவாள். அண்ணன் வேலை விட்டு வந்ததும் அங்கேதான் கால் கழுவுவான். "கால் தேய்க்கிற சத்தம் கேக்குது," என்பாள். "எலியா இருக்கும்," என்பேன். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். குழாயடிக் கல் மட்டும் நனைந்திருக்கும். குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு வாஷர் மாற்றினேன். மறுநாளும் நனைந்திருந்தது. குழாயையே மாற்றினேன். அப்போதும் நனைந்திருந்தது. ஒரு தடவை அந்த ஈரத்தில் குதிகால் அளவுக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அண்ணி பார்ப்பதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆலை மூடியது. ஆறு பல வருஷம் நாறிக்கொண்டு கிடந்தது. பிறகு திடீரென்று அதன் மேல் எல்லோருக்கும் பாசம் வந்துவிட்டது. பெரிய பெரிய இயந்திரங்கள் வந்து கரையைத் தோண்டின. மண் அடுக்கடுக்காக வந்தது, ஓர் அடுக்கு மஞ்சள், ஓர் அடுக்கு கறுப்பு, ஓர் அடுக்கு ஊதா. ஆலையை இடித்தார்கள், புகைக்கூண்டை மட்டும் பார்வைக்கு நன்றாக இருக்கிறதாம், விட்டுவைத்தார்கள். மதகுக் கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த காபிக்கடை வந்தது. கழிவுத் தொட்டிகளில் இரண்டை மூடினார்கள். மூன்றாவதைக் கழுவி, முக்கால்வாசி மண் நிரப்பி, வெளிர்நீல ஓடு பதித்து, குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடுகிற குளமாக்கிவிட்டார்கள். பழைய இரும்பு ஏணிக்கு மஞ்சள் வண்ணம் அடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அண்ணி தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள். சலவை நிலையம் முழங்காலைத் தின்றுவிட்டது, உட்கார்ந்து செய்கிற வேலை தேவலை என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்தக் கரையில் இருக்க வேண்டும்.

இந்த மழைக்காலத்தில்தான் அண்ணி மாறிப்போனாள். முதலில் தூக்கம். கோழி போல விழித்து விழித்துத் தூங்குகிறவள், படுத்தால் குறட்டை விட ஆரம்பித்தாள். அப்புறம் சாப்பாடு, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். துணி துவைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு. ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் பின்கட்டில் எனக்கே சளக் என்று சத்தம் கேட்டது. அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, சத்தம் கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனிடமிருந்து சேதி வந்திருக்கிறது. அதைத் தவிர வேறெது அவளை இப்படி ஆக்கும். விடுமுறை நாள் சாயங்காலமானால் தலை வாரிக்கொண்டு, வெளுத்த உடையை உடுத்திக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுகிறாள். வேலை இல்லாத நாளில் அங்கே என்ன வேலை? கேட்டேன். "சும்மா," என்றாள். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். சந்தேகமே இல்லை, வந்துவிட்டான். என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு கரையில் வைத்துப் பொண்டாட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறான்.

அடுத்த விடுமுறை நாள் அவள் கிளம்பியதும் நானும் பின்னாலேயே கிளம்பினேன். இருப்பதில் நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டேன், அண்ணனைப் பார்க்கப் போகிறேன் அல்லவா. வழி நெடுக, சேர்த்து வைத்த திட்டெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் நின்றது. அவனுக்கும் முடி நரைத்திருக்கும், முதுகு கூனியிருக்கும், காலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை.

அண்ணி குளத்துப் பக்கம் ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் போய் நின்றாள். நான் ஒரு விளக்குக் கம்பத்தின் மறைவில் நின்றேன். கூட்டத்துக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு வயசாளி, கையில் ஒலிபெருக்கி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பழைய ஆலையைப் பற்றிக் கதை சொல்வதற்கென்று பழைய மதகு மேஸ்திரியைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆலை மூடியதும் மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டவர். இவர்தான் போலிருக்கிறது. நான் அவரைக் கவனிக்கவில்லை, கூட்டத்தில் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இது மூணாம் தொட்டி," என்றார் மேஸ்திரி. "சாயக்கழிவு இதுல வந்து படியும். இப்பப் பாக்கறதைவிட ரெண்டாள் ஆழம். அடியில கட்டுற சேத்தை வார ஆளுங்க உள்ள இறங்கணும். வழுக்கும், அதனால வெறுங்காலோடதான் இறங்குவாங்க. செருப்பை இந்த ஏணித் தலைப்புல, விளிம்பு மேல கழட்டி வெச்சிட்டுப் போவாங்க. மதகுச் சக்கரம் அதோ, காபிக்கடை இருக்கிற இடத்துல. மிஷின் சத்தத்துல கூப்பிட்டாக் கேக்காது. அதனால விளிம்பைத்தான் பாப்போம். செருப்பு இருந்தா உள்ள ஆள் இருக்கு, சக்கரத்தைத் தொடக் கூடாது. செருப்பு இல்லைன்னா தொட்டி காலி. மதகைத் திறந்தா ஒரே பாய்ச்சல், உள்ள இருக்கிறதெல்லாம் அடிச்சுக்கிட்டு நேரா ஆத்துக்குப் போயிடும்."

ஒரு குழந்தை குளத்தில் கையை விட்டுத் தண்ணீரைத் தட்டியது. மேஸ்திரி சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"எவன் செருப்பு எதுன்னு எங்களுக்கு அத்துப்படி. பொம்பளைங்க தொட்டியில இறங்கமாட்டாங்க, கூட்டுறதோட சரி. ஒரு நாள் சாயங்காலம் பாக்கறேன், ஆம்பளைங்க செருப்பு ஒண்ணுகூட இல்ல. ஒரே ஒரு ஜோடி, பச்சை வார், மேல வெள்ளைப் பூ, விளிம்புல ஒய்யாரமா உக்காந்திருக்கு. எந்த மகராசி நீச்சலடிக்க இறங்கினாளோன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே சக்கரத்தைத் திருப்பிட்டேன். கூட்டுறவ எவளோ மறந்து வெச்சிட்டுப் போயிருக்கா. எடுத்து மதில் மேல வெச்சேன். ஆலை மூடுற வரைக்கும் அங்கயேதான் இருந்துச்சு. அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் வந்து கேக்கல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் கம்பம் கையை விட்டு நழுவியது போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நான்தான் கீழே உட்கார்ந்திருந்தேன். அண்ணி திரும்பிப் பார்த்தாள், ஓடி வந்தாள், என்னைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். கூட்டம் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்றேன்.

"முதல் மழை விட்ட வாரம், லீவு நாள்லயும் தேய்க்க வரச் சொன்னாங்க. நான் இங்க தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். அவர் சொல்லிக்கிட்டே வந்தார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு உங்கண்ணன் எங்கயாவது உயிரோட இருக்கணும் பாப்பா. அதை எப்படி நான் வந்து பிடுங்குவேன்?"

"அவன் செத்துட்டான்னு தெரிஞ்சுதான் குறட்டை விட்டுத் தூங்கறீங்களா? பாட்டுப் பாடறீங்களா?"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெந்து வெந்து தடித்துப்போன கை. "ஆமா," என்றாள். "எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. அழுதேன், அழுது முடிச்சேன், அப்புறம் பாத்தா சந்தோஷம். அவர் என்னை விட்டுட்டுப் போகல. எல்லாரும் போனப்புறம் அந்தச் செருப்பை மாட்டிக்கலாம்னு உள்ளயே இருந்திருப்பார், வீட்டுக்கு வரத்தான் இருந்தார்."

அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். கையை உதறிவிட்டு எழுந்தேன். "அந்த ஆளை இப்பவே கேக்கறேன். என் அண்ணனைக் கொன்னுட்டு, அதை வெச்சுச் சிரிப்புக் காட்டுறாரு."

"கேக்காத," என்றாள். அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. "அந்த மனுஷனுக்குத் தெரியாது. செருப்பைப் பாத்தார், நியாயமாத்தான் பாத்தார். தெரிஞ்சா அதோட முடிஞ்சார். அதுமட்டுமில்ல, தெரிஞ்சா அப்புறம் சொல்லமாட்டார். இத்தனை நாள் ஊரே வேற கதை சொல்லிச் சிரிச்சுது. இப்ப வாரா வாரம் ஒருத்தர் மைக்குல சொல்றார், என் செருப்பு விளிம்புலதான் இருந்துச்சுன்னு. எனக்கு அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும், பாப்பா. அதை நிறுத்திடாத."

அந்த வாரம் நான் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியும், தட்டை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். மிஷினை மிதித்தால் பழைய திட்டெல்லாம் வாயில் வந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை. மேஸ்திரியின் முகம் வந்தது. சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். என் அண்ணனுக்கு ஒரு சாவு வேண்டும், நாலு பேர் அதைச் சாவு என்று சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது.

விடுமுறை நாள் சாயங்காலம் அண்ணிக்கு முன்னால் நான் போய் முதல் வரிசையில் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் மேஸ்திரிக்கு ஒரு கண்ணில் புரை. ஒலிபெருக்கி பிடித்த கை நடுங்கியது. தொட்டி வந்தது, ஏணி வந்தது, பச்சை வார் வந்தது, வெள்ளைப் பூ வந்தது. அந்தம்மா இன்னும் வந்து கேட்கவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு என் முகம் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்க மட்டும் முறைக்கிறீங்க? கதை பிடிக்கலையா?" என்றார்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் அண்ணி நின்றிருந்தாள். என்னைத் தடுக்க வரவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருக்குய்யா," என்றேன். "சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏணியின் தலைப்பில் கையை வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.